வைத்தியரம்மா நீட்டிய கை

வைத்தியர் உலகம்மையிடம் நாடி படிக்க வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். அம்பாசமுத்திரத்தில் அந்த வைத்தியசாலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

வருஷக்கணக்கில் படித்தாயிற்று. தை பிறந்ததும் கடையநல்லூரில் தனியாக வைத்தியம் பார்க்கலாம் என்று வைத்தியரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் கை நன்றாகப் பழகட்டும் என்று, வருகிற பெண்களை எல்லாம் அவளிடமே அனுப்பினார்.

செண்பகவல்லிக்கோ தலைக்கு மேல் பாரம். மகள் புருஷனோடு முறைத்துக்கொண்டு கைக்குழந்தையோடு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் உடம்பு குப்பென்று வேர்த்து எழுப்பிவிடும். மாதவிலக்கு பல மாதம் எட்டிப் பார்க்காது; வந்தால் ஆளை உலுக்கிவிட்டுத்தான் போகும். வயிறு பசிக்கிறது என்றால் ஒரு கடுங்காப்பியை ஊற்றி அதன் வாயை அடைப்பாள். ஊருக்கு மருந்து கொடுக்கிறவளுக்கு உடம்பு ஒரு கேடா என்பது அவள் எண்ணம். பாவம், நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் காலத்தை ஓட்டுகிறோம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஆவுடைத்தாயை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பீடி சுற்றுகிறவள். போன மாதமே வந்து செண்பகவல்லியிடம் கை நீட்டியவள். "நாடி படபடன்னு ஓடுது, உடம்பு பூரா சூடு" என்று சொல்லி, செண்பகவல்லி அவளுக்குக் குளிர்ச்சி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தாள். இப்போது அவள் முகம் ஊதிக் கிடந்தது. நாக்கு குழறியது. அந்த வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

வைத்தியரம்மா அவள் கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கழுத்தைத் தடவினார்.

"நாடி எங்க ஓடுது? நகரவே மாட்டேங்குது. தைராய்டாத்தான் இருக்கும்னு தோணுது. நம்ம மருந்த நிறுத்திரு தாயி. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடுத்துப் பாரு. நாளைக்குன்னு தள்ளிப் போட்டுராத."

ஆட்டோவில் ஏறும்போது ஆவுடைத்தாயின் புருஷன் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க குடுத்தத ஒரு வேள தவறாமக் குடிச்சாம்மா" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

ஆட்டோ போன பிறகு இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"நான் கடையநல்லூர் போகலம்மா" என்றாள் செண்பகவல்லி. "இந்தக் கைய நம்பி இனி யாரும் வர வேண்டாம்."

வைத்தியரம்மா மருந்து அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த மாசம் நன்னாரி ரெண்டு தடவ தீந்து போச்சுன்னு மருந்தரைக்கிற பொண்ணு சொல்லுது. வாற பொம்பளைங்க எல்லாருக்குமா சூடு?"

"எல்லாருக்கும் அப்படித்தான் ஓடுச்சு."

"எல்லாருக்கும்?"

"விரல்ல அடிச்சதத்தாம்மா சொன்னேன். கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. எங்க தப்பினேன்னு நீங்கதான் சொல்லணும்."

வைத்தியரம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்ச நாளா சரியில்ல. பாருங்க."

"இதுக்கு மேலயா? வேண்டாம்மா."

"பாருங்கக்கா."

செண்பகவல்லி மூன்று விரலையும் மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. விரலை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். இதோ, வந்துவிட்டது.

"சொல்லுங்க" என்றார் வைத்தியரம்மா.

"படபடங்குது. நீங்க சரியாத் தூங்குறதில்ல."

"ம்."

"சாப்பாடு வேளைக்கு இல்ல. வெறும் வயித்துல எதையோ ஊத்திக்கிட்டு அலையிறீங்க. விலக்கு நிக்கிற சமயம்; உடம்பு கிடந்து தடுமாறுது. அதுக்கு மேல உள்ள ஒரு கவல போட்டு அரிக்குது."

"அப்புறம்?"

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. குரு என்பதும் மறந்துபோய்ச் சத்தம் போட்டாள்.

"இத வச்சுக்கிட்டா இத்தன பேரப் பாக்கீங்க? யாருகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இப்படியே விட்டா ஒரு நா விழுந்துருவீங்கம்மா!"

வைத்தியரம்மா இடது தோளை மெல்லத் தூக்கினார். கக்கத்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் மடியில் விழுந்தது.

"இத இடுக்கி இறுக்குனா கைக்கு ரத்தம் வராது" என்றார். "நீங்க பாத்தப்ப என் மணிக்கட்டுல நாடியே இல்ல."

"அதெப்படிம்மா? என் விரல்ல அடிச்சுதே!"

"அடிச்சிருக்கும். அந்தக் கல்வத்துல விரல வைங்க. அழுத்தி வைங்க."

பக்கத்தில் மருந்தரைக்கும் கல்வம் இருந்தது. செண்பகவல்லி அதன் விளிம்பில் மூன்று விரலையும் வைத்து அழுத்தினாள்.

கல்லிலும் ஓடியது. அதே படபடப்பு.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. விரலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். விரலுக்குள் அது நிற்கவில்லை.

"அப்ப ஆவுடைத்தாய் கையில..." என்று தொடங்கினாள். எத்தனையோ மாதமாக வராத அழுகை வந்தது. அழுது ஓயும்வரை வைத்தியரம்மா அவளைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை.

செண்பகவல்லி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு நோயே பாக்கத் தெரியலையாம்மா?"

"நல்லாத் தெரியுது. நீங்க சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்ல" என்றார் வைத்தியரம்மா. "வந்தவங்க எல்லாருக்கும் அந்த ஒரு பொம்பளையோட மருந்தத்தான் குடுத்து அனுப்பியிருக்கீங்க. அவளுக்கு மட்டும் இன்னும் குடுக்கலக்கா."