பாத்தியில் படுக்க இடம் கேட்டவள்

உறைபனி வானத்திலிருந்து விழுகிறது என்று ஊரெல்லாம் நம்புகிறது. இந்தத் தவறான எண்ணத்தால் கெட்ட குடும்பங்கள் பல. ஆகவே இதை இங்கேயே திருத்திவிடுவது நம் கடமை. பனி விழுவதில்லை. நடந்து வருகிறது.

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், ஒரு மலையூரில் சடைச்சி என்பவள் வீட்டுக் கொல்லையில் பூண்டு நட்டிருந்தாள். மகள் செம்பிக்கு வைகாசியில் கல்யாணம். தாய்வீட்டுக் கொல்லையில் விளைந்த பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து, மாமியார் வீட்டில் நட்ட பிறகே தாலி கட்டுவது அந்த ஊர் வழக்கம். கடையில் வாங்கியதோ, இரவல் வாங்கியதோ ஆகாது.

மார்கழி பிறந்தது. முதல் நாள் விடியலில் கொல்லையின் மூங்கில் படலுக்கு வெளியே வெள்ளைக் காலடிகள் இரண்டு இருந்தன. வந்த தடம் இல்லை, போன தடமும் இல்லை. சடைச்சி பாத்தி முழுக்க வைக்கோல் பரப்பினாள். இரண்டாம் நாள் காலடிகள் படலை ஒட்டி நின்றன. வைக்கோல்மேல் கம்பளி விரித்தாள். சுற்றிலும் நெருப்புச் சட்டிகள் வைத்தாள்.

“ஏண்டி, பூண்டுக்குப் பேறுகாலமா பாக்குற?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ஒச்சாயி. அவளும் ஒரு மகளை வைத்துக்கொண்டு கொல்லையில் பூண்டு நட்டிருந்தவள்தான்.

மூன்றாம் நாள் விடியலில் படலுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

“அக்கா, கால் கடுக்குது. உன் பாத்தியில கொஞ்சம் படுத்துக்கிறட்டுமா?”

ஆளைக் காணோம். குரல் பட்ட மூங்கில் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

“போடி அங்கிட்டு! அதுல என் மக கல்யாணம் இருக்கு.”

“அதுக்குத்தான் அக்கா வந்தேன்.”

சடைச்சி கொள்ளிக்கட்டையை வீசினாள். குரல் பக்கத்து வீட்டுக்குப் போய் அதையே கேட்டது.

ஒச்சாயிக்கும் பயம்தான். ஆனாலும் படலைத் திறந்தாள். “வா தாயி. குருத்தை மிதிக்காமப் படு.”

சூரியன் ஏறியபோது ஒச்சாயியின் பாத்தியில், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் வடிவில் பனி வெளுத்திருந்தது. வெயில் பட்டதும் அது எழுந்து, ஆவியாகிப் போனது. மண்ணுக்குள் புழுக்கள் விறைத்துக் கிடந்தன.

பங்குனியில் இருவரும் பூண்டு பிடுங்கினார்கள். ஒச்சாயியின் பூண்டுகளில் பன்னிரண்டு பல், பதினாறு பல். சடைச்சியின் பாத்தியில் பாதியை, கதகதப்பில் கொழுத்த புழுக்கள் தின்றிருந்தன. மீதி எல்லாம் பிரியாத ஒற்றை உருண்டைகள். வெள்ளை விழிகளைப் போல அவளையே பார்த்தன. ஒன்று விடாமல் நசுக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் இரண்டாவது பல் இல்லை.

பயிரைக் காப்பதாக எண்ணிக் குளிரை முழுவதும் விரட்டுகிறவர், பயிருக்கு வேண்டியதையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒச்சாயியின் மகளைப் பேசி முடித்துவிட்டார்கள்.