ஜமீனுக்கு வந்த பாட்டுப் பெட்டி

காரையூர் ஜமீன் மாளிகையில் இருபது வருடமாகச் சாயங்காலம் தவறாமல் பாடி வந்தவள் தையல்நாயகி. ஒருநாள் ஜமீன்தார் சென்னையிலிருந்து கிராமபோன் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். தட்டு சுழன்றதும் ஒரு பெண் குரல் கணீரென்று பாடியது. சபையே வாய்பிளந்து கேட்டது.

அதே தட்டை மூன்று முறை போட்டுக் கேட்ட ஜமீன்தார் தையல்நாயகியைப் பார்த்தார்.

"இம்மியும் பிசகவில்லை, பார்த்தாயா? நீயும் அதே பாட்டை அப்படியே பாடு. முடியாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம்."

மனுஷத் தொண்டையால் ஆகிற காரியமா அது? ஆனாலும் அவள் கைகூப்பினாள்.

"உத்தரவு மகாராஜா. பெட்டியும் கூடவே பாடட்டும். நான் பிசகினால் 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

பெட்டிக்குச் சாவி கொடுத்தார்கள். இரண்டாவது அடியிலேயே அவள் வேண்டுமென்று ஒரு சங்கதியை மாற்றிப் பாடினாள்.

"நிறுத்து!" என்று கத்தினார் ஜமீன்தார்.

அவள் சட்டென்று நிறுத்தினாள். பெட்டி பாடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து என்கிறேன்!"

பெட்டி அடுத்த அடிக்குப் போய்விட்டது. கணக்குப்பிள்ளை சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதற்குப் பாடத்தான் தெரியும் மகாராஜா," என்றாள் தையல்நாயகி மெதுவாக. "எதிரே இருப்பது யாரென்று தெரியாது. தாங்கள் எழுந்து போனாலும் இப்படியேதான் பாடும்."

தட்டு முடிந்ததும் ஜமீன்தார் பெட்டியை மூடச் சொன்னார். பிறகு, "நீ பாடு," என்றார்.

அவர் முகம் வாடியிருந்ததைக் கவனித்த தையல்நாயகி, அதே பாட்டைக் குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பாடினாள்.