பேரும் போன விதமும்

நோர்வேயின் பேர்கன் நகரத்தில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மழைதான். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், பழைய சைக்கிள்களுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பின்னால், ஹெல் என்ற தேவிக்கு ஒரு பீடம் இருந்தது.

ஹெல் வட ஐரோப்பியரின் பழைய பாதாள தேவி. உடம்பில் பாதி உயிருள்ள பெண், மீதி பிணம். பீடத்தில் இருந்த உருவத்தை ஒரே மரக்கட்டையில் செதுக்கி, இடப்பக்கத்தை மட்டும் நெருப்பில் கருக்கியிருந்தார்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் ஓரடி பின்வாங்கத்தான் செய்வார்கள்.

பீடத்தைப் பார்த்துக்கொண்டவள் சாரங்கா. முதியோர் இல்லத்தில் தாதி, வயது முப்பத்திநான்கு. அந்த ஊரிலேயே பிறந்தவள். தமிழ் அம்மாவிடமிருந்து வந்தது. அவளிடம் சீடராக வந்த தவமலர் அதே இல்லத்தில் தரை துடைப்பவர், வயது ஐம்பத்தெட்டு. குருவைச் சீடர் "பிள்ளை" என்பார். சீடரைக் குரு, வயதுக்கு மரியாதையாக, "அன்ரி" என்பாள். எந்த மடத்திலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே மடமும் கிடையாது, ஒத்துக்கொள்ள ஆளும் கிடையாது.

சீடர் வந்து சேர்ந்த விதம் இது. ஒரு காலை, இல்லத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். சாரங்கா யன்னலைத் திறந்துவிட்டு வெளியே பார்த்துச் சொன்னாள்: "அம்மா, ஒருத்தர் வாறார். கால் ஏலாது. மெல்லக் கூட்டிக்கொண்டு போங்கோ."

தவமலர் வாளியோடு வாசலில் நின்றார்.

"ஆரோட கதைச்சனீர், பிள்ளை?"

"கட்டிலில சாகிறவையை ஏற்கிற ஒருத்தி இருக்கிறா, அன்ரி. அவவோட."

தவமலர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அந்த யன்னலைப் பார்த்தார். வீட்டில் அவருக்கு முருகன் இருந்தார். ஆனாலும் வந்த ஞாயிற்றுக்கிழமையே நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டார்.

அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் படையல். ஐந்தாறு பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவருக்குப் பிடித்ததை ஒரு தட்டில் கொண்டுவந்து, பீடத்தின் முன் நின்று இரண்டே விஷயம் சொல்ல வேண்டும். பேர், போன விதம். மந்திரம், பூ, சாம்பிராணி ஒன்றும் கிடையாது.

ஆர்னே என்ற கிழவர் அவித்த உருளைக்கிழங்கு கொண்டுவந்திருந்தார்.

"என் அண்ணன் ஓலாஃப். குடித்துவிட்டுப் பனியில் விழுந்து தூங்கிப்போனான்."

சாரங்கா தட்டை வாங்கிப் பீடத்தில் வைத்தாள். பிறகு தவமலர் புட்டுத் தட்டோடு முன்னால் வந்தார். கருகிய பக்கத்தைப் பார்த்து அவர் பயப்படவில்லை. இலங்கையில், ஊர்ப் பத்ரகாளி கோயில் வாசலில் விளையாடி வளர்ந்தவர். இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கியது.

"என்ர தம்பி குகதாசன். சண்டையில போனவன்."

சாரங்கா தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் பிள்ளை?"

"சண்டையில செத்தவை இவவிட்ட வாறேல்லை, அன்ரி. அவைக்கு வேற கடவுள், வேற மண்டபம். நோய் வருத்தத்திலயும் வயசிலயும் போறவைதான் இஞ்ச."

அது அந்த நாட்டவரின் பழைய நம்பிக்கை. தவமலருக்கு முகம் சுண்டிவிட்டது. புட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். சாப்பிடவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

மறுமாதமும் அப்படியே நடந்தது. ஏதோ சமையலில்தான் குறை என்பதுபோல இந்தமுறை முட்டைப் பொரியலும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். தட்டு திரும்பிவிட்டது.

"நீர் கொஞ்சம் அவவோட கதைச்சுப் பாருமன், பிள்ளை. ஒரு ஆளுக்கு மட்டும்."

"ஆளை நான் மறிக்கேல்லை, அன்ரி. அவர் எங்க போகவேணுமெண்டு நீங்கள்தான் சொல்லுறியள்."

இதற்கிடையில் இல்லத்தில் ஒரு மூதாட்டி, வயிறு கட்டுப்படாமல், படுக்கையிலேயே எல்லாம் போய் இறந்தார். தாதிமார் குறைந்த நாள். சாரங்கா கூப்பிட்டாள். தவமலர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, துடைத்து, கழுவி, தலையும் வாரிவிட்டார். கதவடியில் நின்ற மகளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்தக் கோலத்தில் அம்மாவை யாரும் பார்க்கக் கூடாது என்று முணுமுணுத்தாள். தவமலர் தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் அவளுக்குச் சொன்னார்:

"சாகிற உடம்பு இப்படித்தான், மகளே. இதில் வெட்கம் என்ன?"

சாரங்கா நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றாம் மாதம் தட்டு திரும்பியபோது தவமலர் வீட்டுக்குப் போகவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் படியேறிப் போகும்வரை சுவரோரம் நின்றார். சாரங்கா மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நீர் என்னை வேணுமெண்டு அலைக்கழிக்கிறீர்."

"இல்லை, அன்ரி."

"எங்கட தமிழ் மண்டபத்தில, சண்டையில செத்தவையின்ர படங்களோட அவன்ர படமும் இருக்கு. ஒவ்வொரு வருசமும் நான்தான் முன்னுக்குப் போய் விளக்குக் கொளுத்திறது. முப்பத்தொரு வருசம். சனம் எழும்பி நிக்கும்."

"ஓம்."

"அப்பிடிப்பட்டவனுக்கு இந்த நிலக்கீழ் அறையில ஒரு இடமில்லையோ?"

சாரங்கா தட்டைத் துணியால் மூடிக் கட்டினாள். கதவை அகலத் திறந்தாள். மழைச் சத்தம் உள்ளே வந்தது. கட்டிய தட்டைத் தவமலரின் கையில் கொடுத்தாள்.

"இன்னும் சூடாயிருக்கு. மண்டபத்துக்குக் கொண்டுபோய் வையுங்கோ, அன்ரி. அவர் அங்கதானே."

தவமலர் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். முதல் படியில் கால் வைத்தார். இரண்டாம் படிக்குக் கால் எழவில்லை.

"அங்க அவன் இல்லை" என்றார், திரும்பாமலே.

சாரங்கா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வயித்தோட்டம், பிள்ளை. இயக்கத்தின்ர பயிற்சி முகாமுக்குப் போய் ஒண்டரை மாசம். சுடத் துவக்குக்கூட இன்னும் குடுக்கேல்லையாம். கிணத்துத் தண்ணி சரியில்லை. மூண்டு நாள் கிடந்தவன். கூடப் போன பொடியன் ஒருத்தன் அம்மாட்ட வந்து சொன்னவன்."

"அம்மா என்ன சொன்னவ?"

"ஊருக்குச் சண்டையெண்டு சொல்லிப்போட்டா. பீயில கிடந்து செத்தவன் எண்டு எந்தத் தாய் சொல்லுவா? அம்மா போனபிறகு மாத்திச் சொல்ல எனக்கும் வாய் வரேல்லை. பத்தொன்பது வயசு, பிள்ளை."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். பத்தொன்பது வயதுத் தம்பிக்காக அவர் அழுதது அன்றுதான் முதல் தடவை. அதுவரை அழுததெல்லாம் மண்டபத்தில் இருந்த படத்துக்கு. சாரங்கா தேற்றப் போகவில்லை. அணைத்த மெழுகுதிரிகளில் ஒன்றை மறுபடி கொளுத்தினாள்.

"எனக்குச் சொன்னதை அவவுக்குச் சொல்லுங்கோ, அன்ரி."

தவமலர் எழுந்து வந்தார். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உருவத்தின் முன் நின்றார்.

"என்ர தம்பி குகதாசன். வயித்தோட்டத்தில போனவன்."

சாரங்கா தட்டை வாங்கினாள். துணியை அவிழ்த்து, அன்றும் ஆர்னே கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"மண்டபத்தில படத்தை இறக்கச் சொல்லவேணுமோ?"

"படத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அன்ரி. அது நீங்களும் மண்டபமும் பேசவேண்டியது."

தவமலர் தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஆர்னே ஒண்டு சொன்னவர், பிள்ளை. அண்டைக்கிருந்து எனக்கு நித்திரை இல்லை."

"என்ன?"

"இவவின்ர தட்டுக்குப் பேர் பசி எண்டு பழங்கதையில இருக்காம். உண்மையோ?"

"உண்மைதான்."

"அந்த மூண்டு நாளும் என்ர தம்பி சோறு சோறெண்டு கேட்டவனாம். வயித்துக்கு ஆகாதெண்டு ஒருத்தரும் குடுக்கேல்லை. நானும் முப்பத்தொரு வருசம் படத்துக்குத்தான் படைச்சனான், அவனுக்கு ஒரு பிடி வைக்கேல்லை." தவமலர் கருகிய முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "பசியோட வந்த பிள்ளைக்கு இவ அந்தத் தட்டிலயோ போட்டவ?"

சாரங்கா புட்டுத் தட்டை உருவத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அது அவ தனக்கு வச்சிருக்கிற தட்டு, அன்ரி. வாற பிள்ளையளுக்கு அவ அதில போடுறேல்லை."