தலைவர் வீட்டில் கேட்ட பள்ளி வானொலி

தற்காலிக ஆசிரியை செண்பகவல்லி பள்ளிக்கென்று ஒரு குட்டி வானொலி அமைத்தாள். பள்ளி நிலத்தைத் தாண்டி அது கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த வாரமே பேரூராட்சித் தலைவர் குருந்தப்பன் அடியாட்களோடு வந்து நின்றார். தலைமையாசிரியர் மெல்ல நழுவிவிட்டார்.

“என் வீட்டு ரேடியோவுல பக்திப் பாட்டு வெச்சா, உன் பிள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிக்குது! உன் வேலைக்கு உலை வைக்கிறேன், பார்!”

செண்பகவல்லி மைதானத்தின் பக்கம் பார்த்தாள். பள்ளி மைதானத்தில் பாதியை வளைத்துப்போட்டு அவர் கட்டிய மாடிவீட்டைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

“பள்ளி நிலத்தைத் தாண்டிக் கேட்டா தப்புதாங்க ஐயா. சர்வேயரைக் கூப்பிட்டு, நம்ம நிலம் எது வரைக்கும்னு அளந்துட்டு உடனே நிறுத்திடுறேன்.”

குருந்தப்பன் அடியாட்களைப் பின்னால் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

“சர்வேயர் எதுக்கும்மா? எங்க வீட்டுல ரேடியோவே கிடையாதே!”