ராஜாவின் வெந்நீர் அடுப்பு

முன்னொரு காலத்தில் சாரலூர் நாட்டைக் கோதைவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்ததை நினைத்த நிமிஷமே செய்கிற ராஜா. அந்த நாட்டில் ஐப்பசியில் பிடிக்கிற மழை தையில்தான் விடும். மழைக்கு முன்பே விறகு வெட்டிக் காயவைத்து அடுக்காவிட்டால் ஊரே பட்டினிதான்.

ஆடி மாதம் ஆஸ்தான கணிதர் நாகலிங்கர் சபைக்கு ஒரு புது அடுப்பைக் கொண்டுவந்தார். "மகாராஜா, இது பாதி விறகுதான் தின்னும். வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டால், இந்த வருஷம் பாதி விறகு வெட்டினால் போதும்!"

மந்திரி சாத்தையாவுக்கு நாகலிங்கர்மேல் பழைய கோபம். அரண்மனை விருந்தில் அவரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளிய ஆள் அல்லவா! ஆனாலும் அடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார்: "அருமையான அடுப்பு. ஆனால் கணக்கில் அடுப்பு மட்டும்தான் இருக்கிறது மகாராஜா. அதை எரிக்கிற மனுஷரைக் காணோம்."

"பொறாமை!" என்றார் நாகலிங்கர்.

ராஜா கையை உயர்த்தினார். "மந்திரியாரே, ஆவணி முடிவதற்குள் நிரூபியும். இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டும்."

"ஆகட்டும். முதல் அடுப்பை அரண்மனை வெந்நீர் அறையில் வைத்து, ஆவணி மாதத்துக்கு வழக்கத்தில் பாதி விறகு மட்டும் போடச் சொல்லுங்கள்."

ஆவணி பாதியிலேயே விறகு காலி. தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட ராஜா சபைக்கே வந்துவிட்டார். "வெந்நீர் இல்லையாம்! எவன் திருடினான்?"

"தலைக்கு அபயம் தந்தால் காட்டுகிறேன்" என்றார் சாத்தையா.

"தந்தேன்!"

"மகாராஜா முன்பு என்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வீர்கள்?"

"சனிக்கிழமை."

"இன்று?"

"செவ்வாய்."

"நேற்று?"

"நேற்றும்தான் குளித்தேன். பாதி விறகுதானே ஆகிறது என்று…" ராஜா சட்டென்று வாயை மூடினார். பிறகு எண்ணெய் தெறிக்கச் சிரித்தார்.

நாகலிங்கர் விடவில்லை. "மகாராஜா சுகவாசி. ஜனங்கள் அப்படியா?"

சாத்தையா அவர் பக்கம் திரும்பினார். "ஓய் கணிதரே, உம் வீட்டிலும் புது அடுப்பு வைத்தீரே. பழையதை உடைத்தாயிற்றா?"

"அதை எதற்கு உடைப்பது? புதியதில் சோறு, பழையதில் மாட்டுக்குக் கொள்ளு…" நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

"அடுப்பையும் கொடுங்கள், மழைக்கு முழு விறகையும் அடுக்குங்கள்!" என்ற ராஜா, தன் சால்வையை எடுத்துச் சாத்தையாவுக்குப் போர்த்தினார். "நாகலிங்கரே, இனி வீடு வீடாக அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கணக்குப் போடும்."

மறுநாள் முதல் வீட்டிலேயே அந்த வீட்டுக்காரி சொன்னாள்: "ஐயா, கையைக் கட்டிக்கிட்டு உட்காராதீங்க. அந்த ஊதுகுழலை எடுத்து ஊதுங்க!"

கணிதர் புகையில் இருமிய இருமலைத் தெருவில் நின்று ஆசைதீரக் கேட்டுவிட்டுத்தான் சாத்தையா வீட்டுக்குப் போனார்.