மாடத்தியின் சீழ்

மாடத்திக்கு நடந்தது அநியாயம். ஆஸ்பத்திரிக் குப்பை மூட்டைக்குள் கிடந்த உடைந்த மருந்துக் குப்பி அவள் வலது கையைக் கிழித்தது. ஒப்பந்தத் துப்புரவு ஆளான அவளுக்கு அங்கே சிகிச்சைச் சீட்டுப் போட சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். ஷிப்ட் முடியட்டும் என்றார் அவர். ஐந்து நாளும் அதையேதான் சொன்னார். ஆறாம் நாள், சீழ் பிடித்த கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

விசாரணைக்கு ஆய்வுக்கூட அறிக்கை கேட்டார்கள். நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று ஒரு வரி இருந்தால் நல்லது என மேலிடத்திலிருந்து சொல்லியும் அனுப்பினார்கள். அந்த வரி விழுந்தால் குற்றம் அவள் உடம்பின்மேல் போகும். சூப்பர்வைசர் தப்பிப்பார்.

ஆய்வுக்கூடத்து ஆராய்ச்சி மாணவி வடிவு அந்த வரியை எழுதிவிட்டாள். பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. உடம்பு தோற்றதால்தானே கை போனது? கையெழுத்துக்காகப் பேராசிரியர் ஜெபமணியிடம் நீட்டினாள்.

ஜெபமணி பேனாவைத் தொடவில்லை. மாடத்தியின் சீழிலிருந்து எடுத்து ஆய்வுத் தட்டில் வளர்த்திருந்த கிருமியைத் துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி, கிருமியைக் கொல்லும் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது.

"என்ன நடக்குது?"

"விஷத்தைக் கிருமி தண்ணியாக்குது, மேடம்."

"உடம்புக்குள்ள இந்த விஷத்தை விடுறது யாரு?"

"வெள்ளை அணு."

அது பலிக்காவிட்டால் என்று கேட்டார். வெள்ளை அணு தன்னையே கிழித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. மரபிழையை வலையாக வீசும் என்றாள் வடிவு. அந்த வலையையும் இந்தக் கிருமி அறுத்துவிடும். பிறகு அடுத்த அணு வரும். அதுவும் சாகும்.

"இவ்வளவும் தெரிஞ்ச கைதானா அந்த வரியை எழுதுச்சு?"

வடிவுக்கு முகம் சுருங்கியது.

ஜெபமணி மாடத்தியின் சீழ் தடவிய கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "இதுல சும்மா நின்ன அணு ஒண்ணே ஒண்ணைக் காட்டு. கையெழுத்துப் போடுறேன்."

வடிவு குனிந்து தேடினாள். சில அணுக்களின் வயிறு நிறையக் கிருமி. சில வெடித்துக் கிடந்தன. கண்ணாடியை நகர்த்த நகர்த்தப் பிணங்கள்தான். கழுத்து வலிக்கும்வரை தேடியும், சும்மா நின்றது ஒன்றும் அகப்படவில்லை.

"ஆனாலும் தோத்துருச்சே, மேடம்."

ஜெபமணி அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்.

"அஞ்சு நாளும் கூப்பிட்டதும் வந்தது இதுங்க மட்டுந்தான். வராதவங்களைப் பத்தி எழுது."