மில் நின்ற பொங்கல்

ஓடும்போது பத்துப் பேர் போதும். நின்றுவிட்டால் நூறு பேர் வேண்டும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

சர்க்கரை மில்தான். கரும்பு வெட்டுகிறவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் அரவையை நிறுத்துவார்கள். பழுது பார்க்க அந்தச் சில நாள்தான். அவர்கள் திரும்பி வந்து வெட்டும் கரும்பு காத்திருக்காது. காய்ந்துபோகும்.

போன வருடம் காய்ந்தே போனது. புதிய இயந்திரங்களை நிறுவும் பொறியாளர் தேவசகாயம், மில்தான் நிற்கிறதே என்று ஒன்றுக்கு நாலு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டதில் அரவை தாமதித்தது. இந்த வருடம் சாறு காய்ச்ச ஒரு புதிய கலன் வந்திருந்தது. இன்னொரு முறை அரவை தாமதித்தால் விவசாயிகள் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே கார்த்திகையிலேயே மரகதவல்லியிடம் பாடம் கேட்கப் போனார். அவர் பல மில்களில் அரவை நிற்கும் நாட்களின் வேலைகளை நடத்தியவர். தேவசகாயத்தைவிட வயதில் சின்னவர்.

"பொங்கலுக்கு மில் நிக்கும்போதே கலனைத் தூக்கி நிறுத்தி, மேடை கட்டி, பெயிண்ட் அடிச்சு எல்லாத்தையும் முடிச்சிடலாமே மேடம்?"

மரகதவல்லி மில் முற்றத்தில் கிடந்த புதிய கலனருகே அவரைக் கூட்டிப்போனார். அதில் ஓர் ஆள் மட்டும் நுழையும் துளை இருந்தது. அருகே வெல்டரும் பெயிண்டரும் நின்றிருந்தார்கள்.

"உள்ளே போங்க சார்."

பாதி உடம்பு நுழைந்தது.

"காசிம் பாய், வெல்டிங்குக்கு நீங்களும் போங்க. பொன்ராசு, பெயிண்ட் டப்பாவோட நீங்களும்."

"எங்கேம்மா போறது? சார் காலு ரெண்டும் வெளியே ஆடுதே!" என்றார் பொன்ராசு.

"யோவ், தள்ளாதீங்கய்யா!" என்று உள்ளேயிருந்து தேவசகாயத்தின் குரல் வந்தது.

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டவரிடம் மரகதவல்லி கேட்டார்: "மில் நின்னாத்தான் செய்ய முடியுங்கிற வேலை இதிலே எது சார்?"

தேவசகாயம் யோசித்தார். கலனை இப்போதே நிறுத்தலாம். மேடை கட்டலாம். குழாயைக்கூடப் பழைய கலனின் பக்கம்வரை கொண்டுவந்துவிடலாம்.

"பழைய குழாயோட சேர்க்கிற ரெண்டு இணைப்பு மட்டும்தான்."

"அதை மட்டும் பொங்கலுக்குக் கொண்டுவாங்க."

பொங்கல் வந்தது. மற்ற வேலையெல்லாம் மில் ஓடும்போதே முடிந்திருந்தது. காசிம் பாய் இரண்டு இணைப்பையும் வைத்தார். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. குறித்த நாளுக்கு ஒரு நாள் முந்திவிட்டார்கள்! பொன்ராசு விசிலடித்தார்.

மேலாளர் ஓடி வந்தார். "பிரமாதம்யா! ஒரு நாள் மிச்சம் இருக்கே. பழைய கலன் எப்படியும் திறந்துதானே கிடக்கு? அதோட உள்குழாயையும் மாத்திடுங்களேன்."

அந்தக் குழாய் இன்னொரு வருடம் தாங்கும் என்று தேவசகாயத்துக்குத் தெரியும். ஆனாலும் கை துறுதுறுத்தது.

"என்ன செய்யட்டும் மேடம்?"

"வாசல்லே முதல் டிராக்டர் கரும்போட வந்து நிக்குது சார். ஓட்டிட்டு வந்தவர்கிட்டே கேட்டுப் பாருங்க."

தேவசகாயம் கலனின் மூடியை மாட்டச் சொன்னார். பிறகு அரவைச் சங்கை ஊதச் சொன்னார்.